கட்டணமும் கட்டை விரலும்

எங்கள் பள்ளிக்கு ஒரு பெயர் இருக்கிறது. எழுதினால் வக்கீல் கடிதம் வரும் என்பதால் எழுதப்போவதில்லை. கிள்ளானிலிருந்து மேரு போகும் சாலையில், முன்பு சோபா விற்ற நாலு மாடிக் கட்டடத்தில் நடக்கும் தனியார் பள்ளி என்று சொன்னாலே தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். சோபாக் கடையின் பெரிய கண்ணாடி முகப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. காலையில் பிள்ளைகள் அதற்குப் பின்னால் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், தீபாவளிக்கு ஏதாவது விலைக் கழிவு உண்டா என்று கேட்கத் தோன்றும்.

இதன் தலைவர் டத்தோ பக்கிரிசாமி; டத்தோ என்பது சுல்தான் கொடுத்த பட்டம். மைக்கும் கேமராவும் இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் பொன்னாடைக்கென்றே அவர் பெயரில் தனிக் கணக்கு உண்டு என்பார்கள். மற்றவர்களுக்குப் போர்த்தவும் அங்கேதான் வாங்குவார். தனக்கு யாராவது போர்த்த வேண்டியிருந்தால் அதையும் அங்கேதான் வாங்கிக் கொடுப்பார். வாரம் ஒரு முறையாவது தமிழ்ப் பத்திரிகையில் அவர் படம் வரும். யாருக்கோ அரிசிப் பை கொடுப்பார், எதற்கோ ரிப்பன் வெட்டுவார்; எல்லாப் படத்திலும் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு ஒரே சிரிப்புதான்.

இப்படிப்பட்டவரிடம் என் மகளை ஏன் சேர்த்தேன் என்று என் தங்கை இன்னமும் கேட்கிறாள். காரணம் டோரிஸ் டீச்சர். ஷாமினிக்குப் பேச்சு திக்கும். முன்பு படித்த பள்ளியில் அவள் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாலே பின்னால் இருந்து நாலு பிள்ளைகள் அதே மாதிரி திக்கிக் காட்டுவார்கள். கடைசியில் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். வீட்டில்கூடத் தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைக் காட்டுவாள். அப்போதெல்லாம் சமையலறையில் நின்றுகொண்டு யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரப்படுவேன். பாத்திரங்கள்தான் பாவம்.

டோரிஸ் டீச்சர் பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. ஷாமினி வாசிக்கும்போது வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். மெதுவாகப் படி, மூச்சை இழுத்து விடு என்ற உபதேசமெல்லாம் கிடையாது. அவள் ஒரு வரியைத் தாண்டியதும் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார், அவ்வளவுதான். சரியாக வராவிட்டால் காட்டமாட்டார், காத்திருப்பார். இப்போது ஷாமினி நான்காம் ஆண்டு படிக்கிறாள். மீன் கடைக்காரரிடம் விலை கேட்கிறாள். கொஞ்சம் நேரம் எடுக்கும், மீன்காரர் காத்திருப்பார்.

இந்த நேரத்தில்தான் அடுத்த ஆண்டிலிருந்து கட்டணம் மூன்றில் ஒரு பங்கு உயரும் என்று சுற்றறிக்கை வந்தது. 'உலகத் தரம்' என்ற சொல் அதில் மூன்று இடத்தில் இருந்தது. கழிவறையில் தண்ணீர் வராத விஷயம் ஓர் இடத்திலும் இல்லை. நான் காப்பார் பக்கம் ஒரு கிளினிக்கில் முகப்பில் வேலை பார்க்கிறேன். என் கணவர் முகுந்தன் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இருக்கும் கட்டணத்துக்கே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. உயர்ந்தால் ஷாமினியை நிறுத்த வேண்டியதுதான், வேறு வழியே இல்லை. அவள் மறுபடியும் குவளையைக் காட்ட ஆரம்பித்துவிடுவாள் என்ற பயத்தில் அன்றிலிருந்து வீட்டுக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.

ஒரே ஆறுதல், தனியார் பள்ளி தன் இஷ்டத்துக்குக் கட்டணத்தை ஏற்றிவிட முடியாது. கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும். டத்தோவும் விண்ணப்பித்திருக்கிறார். பெற்றோரைக் கேட்டீர்களா என்று இலாகா திருப்பிக் கேட்டிருக்கிறது. உடனே எங்களுக்கு அழைப்பு வந்தது: சனிக்கிழமை பெற்றோர் கலந்துரையாடல், சிற்றுண்டி வழங்கப்படும்.

எல்லோரும் போனோம். கோபமும் இருந்தது, தட்டில் மீஹூனும் இருந்தது. நானே முதலில் எழுந்தேன். இந்த உயர்வை ஒருபோதும் ஏற்க முடியாது என்றேன். முதலில் கழிவறைக்குத் தண்ணீர் விடுங்கள், உலகம் தானாக வந்து தரத்தைப் பார்க்கும் என்றேன். கைதட்டல் கிடைத்தது. பின்னால் இருந்த யுகேந்திரன், ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம் செய்பவர், மேசையைத் தட்டினார். இன்னொரு அம்மா சந்திரகலா அழுதேவிட்டாள். ஒருவர்கூட ஆதரித்துப் பேசவில்லை. டத்தோ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, உங்கள் உணர்வுகளை மதிக்கிறேன், பசியாறிவிட்டுப் போங்கள் என்றார்.

கிளம்பும்போது கணினி ஆசிரியர் நைஜல் கேமராவோடு முன்னால் வந்தார். பள்ளியின் ஃபேஸ்புக் பக்கம் அவர் பொறுப்பு. இந்த நாட்டில் கூட்டம் முடிந்தால் கூட்டமாகப் படம் எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. சண்டை போட வந்தாலும் சரி, சமாதானம் பேச வந்தாலும் சரி, படம் உண்டு. ஒன்று சாதாரணமாக. ஒன்று கட்டை விரலை உயர்த்தி. ஒன்று அவரவர் விருப்பப்படி. உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால். நான் முன்னால் நின்றேன். நைஜல் எண்ணினார், நாங்கள் சிரித்தோம். கறிப்பாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வாரம் கல்வி இலாகாவுக்கு நானே போன் போட்டேன். கட்டணப் பிரிவில் புவான் நோரைனி என்ற அதிகாரி எடுத்தார். மலாயில்தான் பேசினோம்; புவான் என்றால் அதில் மேடம் மாதிரி. பள்ளியின் பெயரைச் சொல்லி, அந்த உயர்வைப் பெற்றோர் ஒட்டுமொத்தமாக எதிர்க்கிறோம் என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"புவான் எந்த வரிசையில இருக்கீங்க?" என்றார்.

எந்த வரிசை என்று புரியாமல் கேட்டேன்.

"படத்துல. மஞ்சள் பஞ்சாபி சூட்டா?"

"ஆமா."

"ரொம்ப சந்தோஷமா இருக்கீங்களே, புவான்."

எங்கள் டத்தோ அந்தக் கட்டை விரல் படத்தைப் பெரிதாக அச்சடித்து விண்ணப்பத்தோடு வைத்திருக்கிறார். அடியில், பெற்றோர் உயர்வை மனமார ஆதரித்த தருணம் என்று எழுதியிருக்கிறார். புவான் நோரைனி நல்ல மனுஷி. சிரிக்காமல்தான் சொன்னார். இத்தனை பேர் ஆதரித்திருக்கும்போது ஒருவர் போனில் எதிர்க்கிறார் என்று தான் எப்படி எழுதுவது என்று கேட்டார். நான் படபடவென்று என்னென்னமோ சொன்னேன். கடைசியில் அவரே பள்ளிக்கு நேரில் வந்து பெற்றோரைக் கேட்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்று, படத்துக்கு விளக்கம் வேண்டும் என்றார்.

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டத்தோ மேல் வர வேண்டிய கோபம்தான், ஆனால் டத்தோ பக்கத்தில் இல்லை. முகுந்தன் இருந்தார். இரவு வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பள்ளியின் ஃபேஸ்புக்கில் இருந்த படத்தைப் பெரிதாக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். நானாவது ஒரு கட்டை விரலைத் தூக்கியிருந்தேன். என் கணவர் இரண்டையும் தூக்கியிருந்தார்.

"நீயும்தான தூக்கியிருக்க" என்றார்.

"நான் ஒண்ணு லா. நீங்க ரெண்டு. ஒரு கையில கறிப்பாப்ப வச்சிக்கிட்டு, அதுலயும் வெரல நீட்டியிருக்கீங்க."

கேமராவைப் பார்த்தால் கை தானாக எழும்பிவிடுகிறது, நான் என்ன செய்வது என்றார் பரிதாபமாக. எப்போதுமே இப்படித்தான், உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாது என்று சொல்லி, ஆதாரம் காட்டுவதற்காக என் கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கிடைக்காமல் இல்லை. குடல்வால் அறுவை முடிந்து, மூக்கில் குழாயோடு, கட்டை விரல். பந்திங் சாலையில் கார் பழுதாகி, இழுவை லோரிக்குப் பக்கத்தில், கட்டை விரல். பாருங்கள், பாருங்கள் என்று ஒவ்வொன்றாக நீட்டினேன். அப்படியே தள்ளிக்கொண்டு போகையில் ஒரு படத்தில் என் விரல் நின்றுவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஊரையே மூழ்கடித்த டிசம்பர் வெள்ளத்தின்போது எடுத்த படம் அது. எங்கள் பழைய வீட்டு வாசல். முகுந்தனுக்கு இடுப்பு வரைக்கும் தண்ணீர். அவர் தோளில் ஷாமினி, சின்னப் பிள்ளை. பக்கத்தில் நான், நிவாரணக் குழுவினர் கொடுத்த பிஸ்கட் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு. எங்களுக்குப் பின்னால் எங்கள் குளிர்பெட்டி மல்லாந்து மிதக்கிறது. மூன்று பேரும் கட்டை விரலை உயர்த்தியிருக்கிறோம். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து நான் அழுதுகொண்டிருந்தேன். கூரைக்குக் கீழே அலமாரி மேல் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு இருட்டில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். ஷாமினிக்குத் திக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். அந்தப் படத்தில் எப்படிச் சிரித்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பெட்டியைக் கொடுத்தார்கள், கேமராவைத் தூக்கினார்கள், சிரித்துவிட்டேன்.

முகுந்தனும் எட்டிப் பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பிறகு அவர்தான், இதை அந்தப் புவானிடம் காட்டலாமே என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொன்ன உருப்படியான யோசனைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று.

புவான் நோரைனி வந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. டத்தோ பட்டுச் சட்டையில் வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். புவான் அதை உடனே மடித்து மேசையில் வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஷாமினியை விட்டுவிட்டு வர இடமில்லாததால் கூட்டி வந்திருந்தோம். கடைசி வரிசையில் டோரிஸ் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டத்தோ முதலில் பேசினார். பிறகு திரையில் எங்கள் படத்தைப் போட்டார். சுவர் அளவுக்கு நாங்கள் சிரித்தோம். என் பல் ஒவ்வொன்றும் தட்டு அகலம் இருந்தது. இந்த முகங்களில் எதிர்ப்பு தெரிகிறதா என்று கேட்டு, டத்தோ மைக்கோடு பெருமையாக எங்களைத் திரும்பிப் பார்த்தார். நியாயமாகச் சொன்னால் தெரியவில்லை. ஏதோ கூட்டாக லாட்டரி அடித்தவர்களைப் போலத்தான் இருந்தோம்.

நான் எழுந்து போய்க் கைப்பேசியைப் புவானிடம் கொடுத்தேன். முதலில் குடல்வால், பிறகு இழுவை லோரி. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடைசியாக வெள்ளப் படத்தைக் காட்டினேன்.

"இதுலயும் எங்க வெரல் மேலதான் இருக்கு, புவான். வீடு பூரா போச்சு. நாங்க வெள்ளத்துக்குச் சம்மதம் சொன்னோமா?"

அது வேறு, இது வேறு என்றார் டத்தோ. அதற்குள் யுகேந்திரன் எழுந்து வந்துவிட்டார். அவர் கைப்பேசியில் விளக்குக் கம்பத்தில் மோதி நசுங்கிய மைவி கார், அதன் முன்னால் அவர், கட்டை விரல். இன்னொருவர் வேலை போன அன்று அலுவலகத்தில் எடுத்த பிரிவுபசாரப் படத்தைக் காட்டினார். தன்னை வேலையை விட்டு எடுத்த மேலாளரின் தோளில் கை போட்டபடி விரலைத் தூக்கியிருந்தார். ஒவ்வொருவராக வரிசை கட்டி வந்தார்கள். சந்திரகலா மட்டும், மாமியார் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த படத்தை எடுத்துவிட்டுக் காட்டத் தயங்கினாள். அதில் அவள் தூக்கியிருந்த விரல் உண்மையானதாகவே இருந்திருக்கலாம்.

புவான் நோரைனி தன் கைப்பேசியை எடுத்தார். எதையோ தேடிப் பார்த்தார். யாருக்கும் காட்டாமல் மூடிவைத்தார். பிறகு பேசினார்.

"இந்தப் படத்த ஆதரவுன்னு எடுத்துக்க முடியாது, டத்தோ. நம்ம ஊருல கேமராவுக்கு எல்லாரும் தூக்குறதுதான். அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல."

முடிவு மேலிடத்திலிருந்து கடிதமாக வரும், அதுவரை பழைய கட்டணம்தான் என்று சொல்லி எழுந்தார். கைதட்டல் அடங்குவதற்குள் நைஜல் கேமராவோடு முன்னால் வந்துவிட்டார். மனிதர் என்ன செய்வார், பழக்கதோஷம். புவானும் மறுக்கவில்லை. நின்றோம். உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால், நடுவில் டத்தோவும் புவானும். முதல் படம் சாதாரணமாக முடிந்தது. அடுத்தது கட்டை விரல் என்றார் நைஜல். யாரும் அசையவில்லை. யுகேந்திரன் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். முகுந்தன் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கைகளையும் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டார். போலீஸ் நிலையத்தில் அடையாள அணிவகுப்புக்கு நிற்பவர்களைப் போல நின்றோம்.

படம் சாயங்காலம் ஃபேஸ்புக்கில் வந்தது. அத்தனை பேருக்கு நடுவில் ஒரே ஒரு கட்டை விரல். டத்தோ பக்கிரிசாமி, ஒரே சிரிப்பு.

அந்தப் படத்தைப் புவான் நோரைனியின் எண்ணுக்கு அனுப்பினேன். பழைய கட்டணமே தொடர்வதைப் பள்ளித் தலைவர் மனமார ஆதரித்த தருணம் என்று அடியில் எழுதினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டை விரல்.

அதற்கு என்ன அர்த்தம் என்று முகுந்தன் கேட்டார். ஒரு அர்த்தமும் இல்லை என்று அவரே சொன்னாரே என்றேன். சொன்னேனே தவிர, கடிதம் வரும்வரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் வந்தது. உயர்வுக்கு அனுமதி இல்லை. பெற்றோரின் கருத்தை முறையாகக் கேட்ட பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுவதும் கட்டை விரலாக வந்து விழுந்தது. நான் வாழையிலைச் சாப்பாடு வாங்கிவந்தேன். ஷாமினியிடம், அடுத்த வருடமும் டோரிஸ் டீச்சர்தான் என்றேன். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்பளத்தை உடைத்து உடைத்து இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"ம்மா... டீ... டீச்சர் காட்டுறதும் சும்மாவா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் அம்மா எழுந்து போய், படம் படமாகக் காட்டி, கட்டை விரலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று ஓர் அதிகாரி வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறாள். ஊரே கைதட்டியிருக்கிறது. அன்றிலிருந்து இந்தப் பிள்ளை இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது. நான் முகுந்தனைப் பார்த்தேன், அவர் ரசத்தைப் பார்த்தார்.

"கேமரா இருந்தா சும்மா" என்றேன் கடைசியில். "டீச்சருகிட்ட ஏது கேமரா?"

ஷாமினி அதை யோசித்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து வாசிப்புப் புத்தகத்தை எடுத்தாள். என்னை எதிர்ச் சுவர் ஓரம் போய் உட்காரச் சொல்லிக் கையால் காட்டினாள். முகுந்தனின் கைப்பேசி மேசையில் கிடந்தது. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லா இருந்தா மட்டும்" என்றாள்.

வாசித்தாள். யானை ஒன்று ஆற்றைக் கடக்கும் கதை. 'தண்ணீர்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். எனக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன். நேரம் போனது. ரசம் ஆறியது. 'தண்ணீர்' வந்தது, அதற்குப் பின்னால் மொத்த வரியும் வந்தது. அவள் தலையை நிமிர்த்தி என் கையைப் பார்த்தாள்.

காட்டினேன். சிரிக்க மறந்துவிட்டேன்.